மோட்டார் சைக்கிளும் தினக் கூலியும்

350 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்களின் மீது இருந்துவந்த 28 சதவீத சரக்கு சேவை வரி, 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வியாபாரிகள் மகிழ்ந்தனர், வாங்குவோரும் மகிழ்ந்தனர். நாமும் அதை வரவேற்கிறோம். ஆனால், ஒரு வாகனத்துக்கு ஆறாயிரம் ரூபாய் குறைந்துவிட்டது என்பதைக் கொண்டே, அது உழைப்பாளியின் கைக்கு எட்டிவிட்டதென முடிவு கட்டுவது சரியன்று. ரூபாயின் மதிப்பு வருஷத்துக்கு வருஷம் தேய்ந்து வருகிறது. தேயும் கோலால் நிலத்தை அளக்கிறவன் நியாயமான கணக்குச் சொல்ல முடியாது. ஒரு பொருளை வாங்க ஒரு கூலியாள் எத்தனை நாள் உழைக்கவேண்டும் என்பதே உண்மையான அளவு. அந்த அளவைக் கொண்டு இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

சுதந்திரம் வந்த பின் முப்பது வருஷ காலம், இத்தகைய கணக்குக்கே இடமில்லாதிருந்தது. 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை ஏற்பட்டது. பம்பாயிலும் பூனாவிலும் மைசூரிலும் வேறு தொழிற்சாலைகள் தோன்றின. எனினும், எத்தனை வண்டி செய்யலாம் என்பதைச் சர்க்காரின் லைசென்ஸ் நிர்ணயித்ததேயன்றி, ஜனங்களின் தேவை நிர்ணயிக்கவில்லை. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தனர். வரிசையில் முன்னால் இருந்தவர், வண்டி கைக்கு வந்ததும் அதை அதிக விலைக்கு விற்றால் லாபம் கிடைத்தது. புது வண்டியைவிடப் பழைய வண்டிக்கு விலை அதிகமென்ற விநோதத்தை நம் தேசம் கண்டது. அந்நாளில் கூலியாளுக்கு மோட்டார் சைக்கிள் என்பது வேடிக்கை பார்க்கும் பொருளே. சைக்கிள் வைத்திருந்தவனே பாக்கியசாலி.

1980-ல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 இந்நிலைமையை மாற்றத் தொடங்கியது. பால்காரரும் மளிகைக் கடைக்காரரும் ஏறக்கூடிய வண்டி ஒன்று கிடைத்தது. 1980-களின் நடுவில் ஹோண்டா, சுஸுகி, யமஹா, கவாஸாகி ஆகிய ஜப்பானியக் கம்பெனிகள் நம் நாட்டுக் கம்பெனிகளுடன் கூட்டுச் சேர்ந்து 100 சி.சி. வண்டிகளை இங்கே செய்தன. 1991-ல் தொழில் லைசென்ஸ் முறை பெரும்பாலும் ஒழிந்தது. போட்டி வந்தது, காத்திருப்பு ஒழிந்தது, ஒரு லிட்டர் பெட்ரோலில் ஓடும் தூரமும் கூடியது. 2001 ஜனத்தொகைக் கணக்கின்படி நூறு குடும்பங்களில் ஏறத்தாழ 12 குடும்பங்களுக்கே இத்தகைய வாகனம் இருந்தது; 2011-ல் 21 ஆயிற்று; 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசீயக் குடும்பநல ஆய்வில் ஏறக்குறைய 50 ஆயிற்று. இது சாமானியமான மாறுதலன்று.

இனிக் கூலிக் கணக்குக்கு வருவோம். பஜாஜ் கம்பெனியாரின் சி.டி. 100 என்ற வண்டி, மலிவான வண்டிகளில் ஒன்றாகப் பெயரெடுத்தது. 2004-ல் அது வெளிவந்தபோது விலை சுமார் 30,000 ரூபாய். கிராம வேலை உறுதித் திட்டம் 2006-ல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட தினக் கூலி 80 ரூபாய். அக்கூலியில் அவ்வண்டிக்கு 375 நாள் உழைப்பு. 2015-ல் அதே பெயருள்ள வண்டி சுமார் 35,000 ரூபாய்க்கு வந்தது. அவ்வருஷத்துத் திட்டக் கூலி 183 ரூபாய். ஆகவே 191 நாள். பத்து வருஷத்துக்குள் பாரம் பாதியாகக் குறைந்தது. 2022-ன் தொடக்கத்தில் அவ்வண்டியின் விலை சுமார் 53,000 ரூபாய். கூலி 273 ரூபாய். ஆகவே 194 நாள். முந்தைய பத்து வருஷத்தில் பாதியாகக் குறைந்த பாரம், பிந்தைய ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

கொத்தனாருக்கும் தச்சருக்கும் வெளியே இதைவிட அதிகக் கூலி கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மையே. ஆனால், இத்திட்டக் கூலி சர்க்காரே நிர்ணயித்தது. ஆகவே, சர்க்காரின் வரியை அளக்கச் சர்க்காரின் கூலியையே கோலாகக் கொள்வதில் தவறில்லை. அத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு உறுதி செய்த வேலையோ வருஷத்துக்கு 100 நாள்தான். உண்ணாமல் உடுக்காமல் இருந்தாலும், அக்குடும்பத்துக்கு ஏறத்தாழ இரண்டு வருஷ வேலை ஒரு வண்டிக்குச் செல்லும்.

இத்தேக்கத்துக்குக் காரணங்கள் பல. 2018 செப்டம்பர் முதல், புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸை ஒரே தடவையில் செலுத்தவேண்டியதாயிற்று. 2019-ல் பிரேக் சம்பந்தமான புது விதிகளும், 2020-ல் புகையைக் குறைக்கும் பி.எஸ். 6 விதிகளும் வந்தன. இவை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 2022-ல் மட்டும் நம் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். உயிரைக் காக்கும் கருவிக்கு ஆகும் செலவு வீண் செலவாகாது. ஆனால், அச்செலவை ஏழையின் தலையில் ஏற்றும் சர்க்கார், தன் வரியையும் அதே தலையில் ஏற்றுவது நியாயமா என்பதே நமது கேள்வி.

வரியின் கணக்கைப் பாருங்கள். வரிக்கு முன் 60,000 ரூபாய் விலையுள்ள வண்டிக்கு, 28 சதவீத வரி 16,800 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டுத் திட்டக் கூலி 336 ரூபாய். ஆகவே, வரிக்காக மாத்திரம் 50 நாள் உழைப்பு! இப்போது 18 சதவீதமான பின்பும் வரி 10,800 ரூபாய். அதாவது 32 நாள் உழைப்பு. இதற்கு மேல், ராஜ்ய சர்க்காரின் ஆயுட்கால வரி ஒன்றுண்டு. 2023 நவம்பரில் அது, லட்ச ரூபாய்க்கு மேற்படாத வண்டிகளுக்கு 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அது ஆறாயிரம் ரூபாய்க்குக் குறைவதில்லை. டில்லி விட்டுக்கொடுத்த அவ்வளவு தொகை சென்னையில் வசூலாகிறது. உழைக்கும் பெண்கள் வண்டி வாங்க 2018-ல் 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்த ராஜ்யமும் இதுவே. ஒரு கையால் கொடுப்பதும் மறு கையால் எடுப்பதும் தர்மமாகாது.

கடன் கொடுப்பவர்களின் கணக்கு இதைவிடச் சூட்சுமமானது. 60,000 ரூபாய்க் கடனுக்கு, மூன்று வருஷத்துக்கு, முழு அசலின் மேல் 10 சதவீத வட்டி என்பார்கள். தவணைதோறும் அசல் குறைந்துவருவதை நினைத்துக் கணக்கிட்டால், உண்மை வட்டி ஏறத்தாழ 18 சதவீதம். செலுத்தும் வட்டி 18,000 ரூபாய். கூலிக் கணக்கில் 54 நாள். உண்மை வட்டியை எழுத்தில் காட்டவேண்டுமென்ற ரிஸர்வ் பாங்கின் விதி 2024 அக்டோபரில் அமுலுக்கு வந்தது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கும்படி நம் தொண்டர்கள் ஊர்தோறும் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

வரியின்றிச் சர்க்கார் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் மாறுதலில் சைக்கிளுக்கும் டிராக்டருக்கும் வரி 5 சதவீதமாயிற்று. அவை உழைப்பின் கருவிகள் என்பதால் அது நியாயமே. மின்சார வாகனத்துக்கும் 5 சதவீதமே. ஐம்பது லட்ச ரூபாய் மின்சாரக் காரும் அதில் அடக்கம். தங்க நகைக்கோ 3 சதவீதம். காரில் செல்லும் கனவானுக்கு 5, நகை வாங்கும் தனவந்தருக்கு 3, சித்தாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் கொத்தனாருக்கு 18! எந்த நியாயத்தைக் கொண்டு இதை ஆதரிப்பது? 1930-ல் உப்பு வரியை எதிர்த்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள், அவ்வரியின் தொகை பெரிதென்றா நடந்தார்கள்? ஏழையின் அத்தியாவசியத்தின் மேல் அது விழுகிறதென்றே நடந்தார்கள். மோட்டார் சைக்கிள் உப்பாகாது; ஆனால், காலை ஐந்து மணிக்குப் பஸ் வராத கிராமத்தில், வேலைக்கும் அவனுக்கும் நடுவே இருக்கும் பாலம் அதுவே.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, 125 சி.சி.க்கு மேற்படாத வண்டிகளைச் சைக்கிளோடும் டிராக்டரோடும் சேர்த்து 5 சதவீத வரியில் வைக்கவேண்டும். 60,000 ரூபாய் வண்டிக்கு வரி 9 நாள் உழைப்பாகக் குறையும். இரண்டாவது, ராஜ்ய சர்க்கார் 2023-ல் உயர்த்திய ஆயுட்கால வரியைப் பழைய அளவுக்கேனும் இறக்கவேண்டும். மூன்றாவது, இவை இரண்டையும்விட முக்கியமானது, கூலியை உயர்த்தவேண்டும். விலை ஒரு தட்டு. கூலி மறு தட்டு. விலைத் தட்டைச் சிறிது தூக்கிவிட்டு, கூலித் தட்டைப் பாராதிருப்பவர் தராசைச் சரி செய்தவராகமாட்டார். அடுத்த தேர்தலில் வோட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரையும், வண்டியின் விலை எத்தனை ரூபாய் குறைந்ததென்று கேட்காமல், எத்தனை கூலி நாள் குறைந்ததென்று நேயர்கள் கேட்பார்களாக.