யந்திரத்திற்குப் புது மூளை தேடுதல்

கைத்தொழிலில் ஆர்வமுடைய மாணாக்கர் சிலரும் பழைய மாணாக்கர் சிலரும் இந்நாளில் தம் வீட்டிலேயே சிறு சி.என்.சி. மில்லிங் யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, மரத்தையும் அலுமினியத்தையும் செதுக்கி மகிழ்கின்றனர். எண்களாலாகிய கட்டளையைப் பெற்று, வெட்டுங் கருவியைக் குறித்த வழியே பிசகாது நடத்துவது இவ்வியந்திரத்தின் இயல்பு. இரும்பாலாகிய அதன் உடல் பல்லாண்டு உழைக்கும். அதனை நடத்தும் மின்னணுப் பகுதியோ பெரும்பாலும் அவ்வுடலுக்கு முன்னரே பழுதுறும். அப்பொழுது உடையவர்க்கு எழும் வினா, “இதற்கு மாற்றாக எதை வாங்குவது?” என்பதே. இவ்வினாவிற்குக் கடைக்காரரின் விலைப்பட்டியலில் விடை தேடுவோர் பலர். விடை தம் யந்திரத்தின் உள்ளேயே இருக்கின்றது என்பதை அவர்கட்கு எடுத்துக்காட்டுவதே எமது நோக்கம்.

இதனை யாம் கற்றது நூலினின்றும் அன்று, நட்டத்தினின்றே. சில ஆண்டுகட்கு முன் யாம் பழையதாக வாங்கிய யந்திரம் ஒன்று, ஒருநாள் மாலை அலுமினியத் தகடொன்றை வெட்டிக்கொண்டிருந்தது. திடீரென அதன் குறுக்கச்சு அசைவற்று நின்றது. மற்றை அச்சுக்களோ தம் ஓட்டத்தை விடவில்லை. கருவி தகட்டைக் குதறிற்று. அதன் முனை முறிந்து தெறித்தது. நல்லகாலமாகப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தோம். பெட்டியைத் திறந்து நோக்கியபோது, மூன்று மோட்டார்க்கும் உரிய டிரைவர்கள் ஒரே பலகையிற் பற்றவைக்கப்பட்டிருத்தலையும், அவற்றுள் ஒன்று கருகிக் கிடத்தலையும் கண்டோம். ஒன்றன் கேட்டால் மூன்றும் பயனற்றன. வேலையை விரைவில் முடிக்கும் ஆசையால் அதனை யொத்த பலகையையே மீண்டும் வாங்கிப் பொருத்தினோம். எட்டுத் திங்களில் அதுவும் கருகிற்று. முதற் பலகை கெட்டதை விபத்தென்னலாம்; இரண்டாவது கெட்டதற்கு எமது பேதைமையையன்றி வேறெதனைக் காரணங் கூறுவோம்? எமது மோட்டார் 3 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டுவது. அப்பலகையோ அதனைத் தொடர்ந்து தாங்கும் ஆற்றலற்றது. மோட்டாரின்மேல் ஒட்டியிருந்த சீட்டை ஒருமுறை படித்திருந்தால் இஃது முன்னரே விளங்கியிருக்கும். ஆழமறியாமற் காலை இடாதே என்னும் பழமொழி ஆற்றிற்கு மட்டும் உரியதன்று.

பழைய உடலுக்குப் புது மூளை பொருத்துவது இழிந்த ஒட்டுவேலை என்று சிலர் எண்ணுவர். அவர் எண்ணம் சரித்திரத்திற்கு முரணானது. எண்வழிக் கட்டளையால் இயங்கிய முதல் மில்லிங் யந்திரத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ஆம் ஆண்டு உலகிற்குக் காட்டினர். அதன் உடல் புதிதாகச் செய்யப்பட்டதன்று. முன்னரே இருந்த சின்சினாட்டி மில்லிங் யந்திரம் ஒன்றினையே அவர்கள் மாற்றியமைத்தனர். நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அலமாரிகளே அன்று அதற்கு மூளையாயின. அன்று அலமாரிகளை நிறைத்தது இன்று உள்ளங்கையில் அடங்குகின்றது. ஆகவே மூளையை மாற்றும் முயற்சி இத்தொழிலின் பிறப்போடே பிறந்தது எனல் மிகையாகாது.

மாற்றப் புகுவோர் முதற்கண் அறியவேண்டுவது, பெட்டிக்குள் இருப்பது ஒரு பொருளன்று என்பதே. கட்டளையைப் படித்து மின்துடிப்புக்களாக மாற்றும் கண்ட்ரோலர் ஒன்று; அத்துடிப்பிற்கிணங்க மோட்டார்ச் சுருள்களுக்கு மின்னோட்டத்தை வழங்கும் டிரைவர் மற்றொன்று; இவற்றிற்கு மின்வலி யூட்டும் பவர் சப்ளை பிறிதொன்று. இம்மூன்றும் தனித்தனியே இருப்பின், கெட்டதை மட்டும் களைந்து மற்றவற்றைக் காக்கலாம். அச்சு ஒவ்வொன்றிற்கும் தனி டிரைவர் வைப்பதற்குச் செலவு சிறிது மிகும்; அச்செலவை முதற் பழுதே ஈடுசெய்துவிடும்.

டிரைவரை மோட்டாரே தெரிந்தெடுக்கும். முப்பரிமாண அச்சு யந்திரங்களில் வழங்கும் ஏ-4988 என்னும் சிறு டிரைவரின் உச்ச எல்லை 35 வோல்ட்டும் 2 ஆம்பியரும் ஆகும். 3 ஆம்பியர் வேண்டும் மோட்டார்க்கு அதனைப் பொருத்துவது, வண்டிமாட்டின் சுமையை ஆட்டுக்குட்டியின்மேல் ஏற்றுவதாகும்.

கண்ட்ரோலரைத் தெரிந்தெடுப்பதற்கோ சிறு கணக்கொன்று போதும். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றிற்கு 200 அடி எடுத்து வைக்கும். டிரைவர் ஒவ்வோரடியையும் எட்டாகப் பகுத்தால், ஒரு சுற்றிற்கு 1,600 துடிப்பு வேண்டும். ஒரு சுற்றில் திருகு 5 மில்லிமீட்டர் நகருமாயின், மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. நிமிடத்திற்கு 3,000 மில்லிமீட்டர், அதாவது விநாடிக்கு 50 மில்லிமீட்டர் ஓடவேண்டின், விநாடிக்கு 16,000 துடிப்பு வேண்டும். ஓரடியைப் பதினாறாகப் பகுத்தாலோ அது 32,000 ஆகிவிடும்.

இக்கணக்கை மனத்திற்கொண்டு சந்தையை நோக்குவோம். ஜி.ஆர்.பி.எல். என்று எழுதி ஜெர்பில் என்று வழங்கும் இலவசக் கட்டளைநிரலை நார்வே நாட்டினரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009-ஆம் ஆண்டு தொடங்கினார். அர்டுயினோ ஊனோ என்னும் மலிவான பலகையிலேயே இது மூன்று அச்சுக்களை நடத்தும். விநாடிக்கு ஏறத்தாழ 30,000 துடிப்பு இதன் எல்லை. மேற்கூறிய முதற் கணக்கிற்கு இது தாராளமாகப் போதும், இரண்டாவதற்குப் போதாது. அதற்கு 32 பிட் பலகைகளில் இயங்கும் இதன் வழித்தோன்றல்களை நாடலாம். லினக்ஸ் சி.என்.சி. என்பதோ அமெரிக்க அரசின் அளவைநிறுவனத்தில் 1990-களில் நிகழ்ந்த பணியின் வழிவந்தது. நான்காம் அச்சும், பின்னூட்டமும், விரும்பியவாறு அமைக்கும் உரிமையும் வேண்டுவோர்க்கு அதுவே ஏற்றது. ஆனால் கணினி யொன்றை அதற்கெனவே ஒதுக்கிப் பல மாலைகளைக் கற்பதிற் செலவிடல் வேண்டும். பலர் பயின்ற மாக் 3 என்னும் நிரலைப் பழைய பாரலல் போர்ட் வழியே நடத்துவோர் ஒன்றை நினைவிற் கொள்க: அம்முறை 64 பிட் விண்டோஸில் இயங்காது. பழங்கணினி கண்மூடும் நாளில் யந்திரமும் உடன்கட்டை ஏறிவிடும்.

“இத்தனை ஆராய்ச்சி எதற்கு? எல்லாம் அடங்கிய பெட்டியொன்றை வாங்கி மாட்டினால் அன்றே வேலை நடக்குமே” என்பார் உளர். அவர் கூற்று முற்றும் பொய்யன்று. யந்திரத்தால் வயிறு வளர்ப்போர்க்கு ஒவ்வொரு நாளும் பணமாதலின், விற்றவர் பொறுப்பேற்று உதவும் நல்ல பெட்டி அவர்க்குத் தக்கதே. ஆயினும் பொழுதுபோக்கிற்காக யந்திரம் வைத்திருப்போர் தேடுவது வெட்டிய தகட்டை மட்டுமோ? அறிவையும் அன்றோ? கம்பி யெங்கே போகின்றதென்று அறியாத பெட்டி, பழுதுறும் நாளில் உடையவரைக் கடைவாயிலிற் கைகட்டி நிற்கச் செய்யும். வரைபடமும் நிரலும் யாவர்க்கும் திறந்திருக்கும் பொருளையே அவர்கள் கொள்ளுதல் வேண்டும் என்பது எமது துணிபு.

எதை வாங்கினும் ஒன்றில் மட்டும் சிக்கனம் ஆகாது. ஆபத்து நிறுத்தும் சிவப்புப் பொத்தான், நிரலின் தயவை நாடாது, டிரைவர்களுக்கும் வெட்டும் மோட்டார்க்கும் செல்லும் மின்சாரத்தைத் தானே நேராகத் துண்டிக்கவேண்டும். மூளை பேதலித்த வேளையிலன்றோ அப்பொத்தானை நாடுகின்றோம்? அப்பேதலித்த மூளையிடமே நிறுத்தும்படி விண்ணப்பஞ் செய்வது எங்ஙனம் பொருந்தும்? எல்லைச் சுவிட்சுகளையும், இயல்பில் மூடியிருந்து தொட்டால் திறக்கும் வகையில் இணைத்தல் நன்று. கம்பி அறுந்தாலும் யந்திரம் அதனை யுணர்ந்து நின்றுவிடும். அன்று தெறித்த முனை எம் கண்ணிற்கு நேரே வந்தது. அதனை நினைக்குந்தோறும் இவ்வரிகளைப் பன்முறை எழுதினும் தகும் என்றே தோன்றுகின்றது.

இப்பொழுது எமது யந்திரத்தில் தனித்தனி டிரைவர் மூன்றும், ஜெர்பில் நிரல் கொண்ட சிறு பலகையும் உள்ளன. பெட்டியின் கதவின் உட்புறத்தே கம்பிகளின் வரைபடத்தை எம் கையாலேயே வரைந்து ஒட்டியுள்ளோம். விலையுயர்ந்த பொருள் அப்பெட்டியில் எதுவுமில்லை. எனினும் எமக்கு விளங்காத பொருளும் அதில் இல்லை. மாணாக்க நண்பர்களே, வாங்கச் செல்லுமுன் மோட்டாரின் சீட்டைப் படியுங்கள்; திருகை அளவுங்கள்; ஒரு தாளிற் கணக்கிடுங்கள். அதன்பின் கடைக்குச் செல்லுங்கள்.