குண்டாற்றின் கடைமடை

எங்கள் பக்கத்து ஆட்களிடம் கடல் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், திருச்செந்தூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்பார்கள். சாமி கும்பிடவும் திதி கொடுக்கவும் போன இடத்தில் கடலும் இருந்தது, அவ்வளவுதான். நானும் அப்படித்தான். திருச்சுழியில் குண்டாற்றுக் கரையில் வளர்ந்தவன். அந்த ஆறு எங்கே போய்ச் சேருகிறது என்று பணி ஓய்வு பெறும்வரை போய்ப் பார்த்ததில்லை.

போன தை மாதம்தான் போனேன். கமுதி, சாயல்குடி வழியாகச் சுமார் இரண்டு மணி நேரம். கரிசலும் சீமைக்கருவேலமும் கடந்தால் சாயல்குடிப் பனங்காடு. கருப்பட்டி வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போனால் மூக்கையூர். மன்னார் வளைகுடாவின் கரையில் உள்ள மீனவர் ஊர். சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. மற்றபடி ஆரவாரம் இல்லை. கரையேறிய படகுகள், காயும் வலைகள், காற்றில் கருவாட்டு வாசம். சின்ன வயதில் சந்தை நாளில் அம்மாவின் பையிலிருந்து வந்த அதே வாசம்!

ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு. அதில் நாரைகள். பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "மழை பெய்யிறதே அபூர்வம். அந்தத் தண்ணியும் வீணா கடலுக்குல்ல போயிருது" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வீணா எங்கய்யா போகுது? எங்களுக்குத்தான வருது? ஆத்துத் தண்ணி வந்து கலந்த வருசம்தான் இங்க எறாலும் மடவையும் நல்லாக் கிடைக்கும்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆற்று நீர் கொண்டுவரும் வண்டலில்தான் முகத்துவாரத்து உயிர்களுக்கு இரை. உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. ஆறு கொண்டுவரும் மணல்தான் கரையைக் காக்கிறது. இதையெல்லாம் படித்திருந்தும், நானும் 'வீண்' என்றே சொல்லிவந்திருக்கிறேன்.

நாம் கண்மாய்ப் பாசனத்துக்காரர்கள். மடைக்குப் பக்கத்தில் வயல் இருக்கிறது என்பதற்காக முழுத் தண்ணீரையும் ஒருவன் பாய்ச்சிக்கொண்டால் ஊர் சும்மா விடாது. கடைமடைக்காரனுக்கும் பங்கு உண்டு. குண்டாற்றுக்கு மூக்கையூர்தான் கடைமடை. அந்தப் பங்கை மட்டும் ஏன் மறந்தோம்?

நம் கண்மாய்கள் நிறைய வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021-இல் அடிக்கல் நாட்டிய காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டம் நிறைவேற வேண்டும் என்று ஏங்குகிறவர்களில் நானும் ஒருவன். கண்மாய்கள் நிறையட்டும். மறுகால் பாய்ந்து மிஞ்சுகிற நீர் கடல்வரை போகட்டும். ஆனால் இன்று நாம் ஆற்றுக்குக் கொடுப்பது என்ன? பாலத்தின் மேலிருந்து கோழிக்கழிவும் பிளாஸ்டிக் பையும் கொட்டுகிறோம். வெள்ளம் வரும்போது அதுவும் கடைமடைக்குத்தான் போகிறது. அங்கே எதிரே இருப்பது 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட கடல்.

ஒரு முறை பேரப்பிள்ளைகளோடு போய் வாருங்கள். வழியில் மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் கண்மாயில் பறவைகளையும் பார்க்கலாம். சுற்றுலா இடம் என்று நினைக்காமல், சம்பந்தி ஊருக்குப் போவதுபோல் போங்கள். திரும்பிவந்தபின், ஆற்றில் குப்பை கொட்டக் கை வராது.