30 சீட்டு, 75 நொடி

சீட்டாடினால் உருப்பட மாட்டாய் என்று சொல்லிப் பிள்ளை வளர்க்கும் நாட்டுக்கு, சீட்டாட்டத்தில் ஒரு வெண்கலப் பதக்கம் இருக்கிறது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாகச் சேர்க்கப்பட்டபோது, குஜராத்தின் புஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா ஜகார்த்தாவில் அதை வென்றார். காட்சிப் போட்டி என்பதால் அதிகாரப்பூர்வப் பதக்கப் பட்டியலில் அது ஏறவில்லை. அவர் ஆடியது ஹார்த்ஸ்டோன். அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட கணினிச் சீட்டாட்டம். அடுத்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹாங்சோவில், இது முழுப் பதக்க ஆட்டமாகவே இருந்திருக்க வேண்டியது. 2023 ஜனவரியில் பிளிஸ்ஸார்டுக்கும் அதன் சீனக் கூட்டாளி நெட்ஈஸுக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்து, சீனாவில் ஆட்டமே நின்றுபோனதால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

விதிகளைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆளுக்கு 30 சீட்டு கொண்ட ஒரு கட்டு. ஆடுகிறவர்கள் அதை ‘டெக்’ என்பார்கள். ஒரே சீட்டு இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, லெஜண்டரி வகை என்றால் ஒன்றுதான். ஆளுக்கு 30 உயிர். முதல் முறைக்குச் செலவழிக்க ஒரு மானா, அடுத்த முறைக்கு இரண்டு என்று 10 வரை ஏறும். மானாவைக் கொடுத்துச் சீட்டை இறக்க வேண்டும். சீட்டிலிருந்து இறங்கிய வீரர்களான மினியன்கள் மோதும். எதிராளியின் உயிரைத் தீர்த்தவர் வென்றார். ஒரு முறைக்கு 75 நொடி. நேரம் முடியப்போகிறது என்றால் மேசையின் குறுக்கே ஒரு கயிறு எரியத் தொடங்கும்.

ரம்மியில் சீட்டுகள் எல்லோருக்கும் பொது. இங்கே ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து அவரவர் டெக்கை அவரவரே கட்டிக்கொண்டு வர வேண்டும். பாதி ஆட்டம் அங்கேயே நடந்துவிடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். 2017-ல் டெக் கோடு வசதி வந்தபின், உலக சாம்பியனின் 30 சீட்டையும் ஒரே நொடியில் நகலெடுத்துக்கொள்ளலாம். பெரிய போட்டிகளிலோ எதிராளியின் டெக்கில் என்னென்ன இருக்கிறது என்பதை இருவருக்கும் முன்கூட்டியே காட்டிவிடும் வழக்கமும் வந்தது. அப்படி ஒளிவுமறைவு குறைந்துபோன காலத்தில்தான், 2019 நவம்பரில், சீனாவின் லி ஷியாவ்மெங் அமெரிக்காவின் அனாஹைம் நகரில் இறுதி ஆட்டத்தை 3-0 என்று வென்று, உலகப் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். நகலெடுத்தவரோ தோற்கிறார். தோற்றதும் டெக் சரியில்லை என்று அடுத்த டெக்குக்குத் தாவுகிறார். தாவுவதற்குக் காசும் செலவழிக்கிறார். இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்களிடம் உள்ள பெரிய வியாதி இதுதான்.

டெக்கைவிட அதை ஓட்டும் கை முக்கியம் என்பதற்கு 2015-ன் பேட்ரன் வாரியரைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆட்டத்தின் நாயக வகைகளில் ஒன்றான வாரியருக்கான, அந்த ஆண்டின் போட்டிகளை ஆட்டிவைத்த டெக் அது. அதன் மையத்தில் கிரிம் பேட்ரன்: 5 மானா, 3 அடி, 3 உயிர். அடிபட்டுச் சாகாமல் தப்பினால் தன்னைப் போலவே இன்னொன்றை மேசைக்குக் கொண்டுவரும். கூடவே வார்சாங் கமாண்டர்: 3 மானா; 3 அடிக்கு மேற்படாத எந்த மினியன் இறங்கினாலும் அதே முறையில் பாய்ந்து தாக்கும் வலிமையைக் கொடுக்கும். மூன்றாவது, வேர்ல்விண்ட்: 1 மானா, மேசையில் உள்ள எல்லா மினியன்களுக்கும் ஒரு அடி.

ஒன்பதாவது முறை. எதிரே பாலடின் என்ற இன்னொரு நாயக வகையை ஆடுபவர், அவர் பக்கம் ஒரு அடி, ஒரு உயிர் கொண்ட மூன்று சின்ன வீரர்கள். வாரியர் கையில் மேற்சொன்ன மூன்று சீட்டு. மொத்தம் 9 மானா, கணக்கு கச்சிதம். புதியவர் கமாண்டரையும் பேட்ரனையும் இறக்கிவிட்டு, கைபரபரக்க உடனே வேர்ல்விண்ட் போடுவார். மூன்று சின்ன வீரர்களும் செத்துப்போவார்கள், பேட்ரன் இரண்டாகும், இரண்டும் எதிராளியை நேராக அடித்தால் 6. பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

கைதேர்ந்தவர் எடுத்தவுடன் வேர்ல்விண்டைத் தொட மாட்டார். முதலில் பேட்ரனை ஒரு சின்ன வீரன் மேல் விடுவார். அவன் சாவான், பேட்ரன் ஒரு அடி வாங்கிப் பிழைக்கும், இரண்டாவது பேட்ரன் வரும். அது இரண்டாமவனை அடிக்கும், மூன்றாவது வரும். அது மூன்றாமவனை அடிக்கும், நான்காவது வரும். இப்போதுதான் வேர்ல்விண்ட். நான்கும் பிழைத்து மேலும் நான்கைக் கொண்டுவர வேண்டும். ஆனால் ஒரு பக்கத்தில் ஏழு மினியன்களுக்குத்தான் இடம் என்பதால் இரண்டு மட்டும் வரும். மேசையில் கமாண்டரோடு ஆறு பேட்ரன். இன்னும் தாக்காமல் மிச்சம் இருப்பவை மூன்று. நேராக அடித்தால் 9. அதே சீட்டு, அதே மானா, வரிசை மட்டும் வேறு. எதிராளி வளர்த்து வைத்திருந்த சின்ன வீரர்களே வாரியருக்குத் தீனி ஆகிவிட்டார்கள். விஷயம் தெரிந்த பாலடின் அந்த மூவரையும் அப்படி நிறுத்தியிருக்கவே மாட்டார். 2015 அக்டோபரில் கமாண்டரின் சக்தியை பிளிஸ்ஸார்ட் பறித்தது. அதுவரை இந்த டெக்கை நகலெடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஓட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

டெக் கட்டுவது வீண்வேலை என்று இதற்கு அர்த்தம் ஆகாது. நல்ல கட்டுமானத்தின் முதல் பாடம் ஹார்த்ஸ்டோனுக்கு முன்பே எழுதப்பட்டது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1993-ல் உருவாக்கிய மேஜிக் அட்டைச் சீட்டாட்டத்தில், 1996-ல் பால் ஸ்லை என்பவர் அட்லாண்டா தகுதிச் சுற்றுக்கு ஒரு டெக் கொண்டுவந்தார். ஜே ஷ்னைடரின் யோசனையில் பிறந்த டெக் அது. தனித்தனியாகப் பார்த்தால் மட்டமான சீட்டுகள். ஆனால் முதல் முறையிலிருந்தே ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றை இறக்கலாம், மானா வீணாகாது. பெரிய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் அதற்குள் அடிவாங்கித் தீர்ந்தார்கள். இன்று ‘மானா கர்வ்’ என்று எல்லோரும் பேசுவது அதைத்தான்.

இரண்டாவது பாடம் கணக்கு. முதலில் ஆடுபவருக்கு மூன்று சீட்டு வரும். பிடிக்காதவற்றைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம், இது முல்லிகன். மூன்றையும் மாற்றினால் 30-ல் ஆறு சீட்டைப் பார்த்தாகிவிடும். இரண்டு பிரதி வைத்திருக்கும் சீட்டு அந்த ஆறில் ஒரு முறையாவது வர ஏறக்குறைய 37 விழுக்காடு வாய்ப்பு. ஒரே பிரதி என்றால் 20. முதல் முறையிலேயே வேண்டிய சீட்டு ஒன்றை டெக்கில் ஒற்றையாக வைத்துவிட்டு, ‘கை வரவில்லை’ என்று புலம்புகிறவர் பிளிஸ்ஸார்டைத் திட்டிப் பயனில்லை. இந்தக் கணக்கையே தலைகீழாகத் திருப்பியது 2015 நவம்பரில் வந்த ரீனோ ஜாக்சன். டெக்கில் எந்தச் சீட்டும் இரட்டையாக இல்லாவிட்டால் இழந்த உயிர் முழுவதையும் திருப்பித் தரும் சீட்டு. அதற்காக மனமறிந்து 30 ஒற்றைச் சீட்டுகளோடு வந்தவர்கள் உண்டு. இப்படிப்பட்ட நிபந்தனைச் சீட்டுகள்தான் கட்டுகிறவரின் மூளைக்கு உண்மையான வேலை வைக்கின்றன.

மேஜிக் ஆட்டக்காரர் மைக் ஃப்ளோரஸ் 1999-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பாடநூல் மாதிரி. எந்த மோதலிலும் ஒருவர் அடிக்கிற பக்கம், மற்றவர் தாங்குகிற பக்கம். தன் பக்கம் எது என்று தப்பாக நினைப்பவர் தோற்பார் என்பது அவர் வாதம். நேற்று ஆடிய ஆட்டத்தில் அடித்துத் தள்ளிய டெக்கே இன்று இன்னும் வேகமான டெக்கின் எதிரே தற்காத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நகலெடுத்த பட்டியலில் இது எழுதியிருக்காது. ஹார்த்ஸ்டோனை முன்னின்று நடத்திய பென் ப்ரோட் பிளிஸ்ஸார்டை விட்டு விலகி 2022-ல் தன் குழுவோடு மார்வெல் ஸ்னாப் என்ற சீட்டாட்டத்தைக் கொண்டுவந்தபோது, இன்னொரு படி மேலே போனார். அங்கே 12 சீட்டு, ஆறு முறை. பந்தயமாக வைக்கும் புள்ளியான கியூப் எட்டு வரை பெருகும் முன், தோற்பது தெரிந்தால் எழுந்து போய்விடலாம். எப்போது எழுவது என்று தெரிவதே அங்கே பெரிய வித்தை.

இனிக் காசு. ஹார்த்ஸ்டோனில் பந்தயப் பணம் கிடையாது. சீட்டு வாங்கத்தான் பணம். ஒரு பொட்டலத்தில் ஐந்து சீட்டு. வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று சீன அரசு விதித்ததால் 2017-ல் வெளிவந்த விவரப்படி, சராசரியாக 20 பொட்டலத்துக்கு ஒரு லெஜண்டரி. வேண்டிய லெஜண்டரியை நேராகச் செய்துகொள்ள, சீட்டுகளை உடைத்தால் வரும் தூள் 1600 வேண்டும். கையில் உள்ள லெஜண்டரி ஒன்றை உடைத்தால் கிடைப்பது 400. நான்கை உடைத்தால்தான் ஒன்று. வாராவாரம் டெக் மாற்றுகிறவர் இந்த நஷ்டத்தைத்தான் வாராவாரம் கட்டுகிறார். சிறுவர்களும் ஆடும் ஆட்டத்தில் இப்படி ஒரு குலுக்கல் கடையை நடத்துவது அழகல்ல. ஆனால் கடைக்குப் போகாமலும் ஆடலாம் என்பதையும் சொல்ல வேண்டும்: 2021 முதல் அடிப்படைத் தொகுப்பு எல்லோருக்கும் இலவசம்.

எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்களாகவே கருதியது. ஹார்த்ஸ்டோனில் சீட்டு வரும் வரிசை யார் கையிலும் இல்லை. நூறில் அறுபது ஆட்டம் தொடர்ந்து வெல்பவரை அங்கே கெட்டிக்காரர் என்பார்கள். பாதிக்குப் பாதி வெல்பவருக்கும் அவருக்கும் நடுவே உள்ள அந்தப் பத்து ஆட்டம், சீட்டு வந்தபின் எடுத்த முடிவுகளால் வருவது. ஒரு சிலவற்றை மட்டும் ஆடிப் பார்த்தால் அது கண்ணில் படாது. படாததால்தான் நாலு தோல்வியில் டெக்கைத் தூக்கிப் போடுகிறார்கள்.

ஆகவே புதிதாக ஆடுகிறவர்கள், ஆடும் பிள்ளைகளுக்குப் பொட்டலம் வாங்கித் தரும் பெற்றோர், இரு தரப்புக்கும் ஒன்று. இலவசமாகக் கிடைக்கும் ஒரு டெக்கை எடுத்து ஐம்பது ஆட்டம் அதையே ஆடுங்கள். தோற்ற ஆட்டங்களில் எந்த முறையில் சறுக்கியது என்று பாருங்கள். அதன்பின் இரண்டே சீட்டை மாற்றுங்கள். அதுவரை பணப்பையை மூடி வையுங்கள்.