வெட்டிய அரளிக் கிளைதான் ஆபத்து

கேள்வி: ‘‘எங்கள் வீட்டு வாசலில் பன்னிரண்டு வருடமாகச் செவ்வரளி நிற்கிறது. ஓட்டுக்கு மேலே வளர்ந்துவிட்டது. அடியில் வெறும் குச்சிதான், பூவெல்லாம் உச்சியில். தினமும் பிள்ளையார் கோயிலுக்குப் பூ கொடுப்பதால் செடியை விட மனமில்லை. எப்போது, எப்படிக் கவாத்து செய்ய வேண்டும்? போன வருடம் பக்கத்து வீட்டில் வெட்டிப்போட்ட அரளியைத் தின்று வெள்ளாடு ஒன்று செத்துப்போனது. எங்களிடமும் நான்கு ஆடுகள் இருக்கின்றன. ‘செடியையே எடுத்துவிடு’ என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?’’

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: உங்கள் மாமியாரின் பயம் நியாயமானதுதான். அதற்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கவாத்து.

அரளி புதிதாக வளரும் கிளையின் நுனியில்தான் பூக்கும். வெட்டாமல் விட்டால் நுனி மேலே மேலே போகும். பூவும் அதோடு போகும். அடிக்கிளைகள் வெயில் படாமல் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். உங்கள் செடியில் நடந்திருப்பது இதுதான். இதை நோய் என்று நினைத்து மருந்து வாங்க வேண்டாம்.

மழைக்காலத்தில் வெட்டினால் வெட்டுவாயில் நீர் இறங்கி அழுகும். கடுங்கோடையில் வெட்டினால் பூ வரும் பருவம் வீணாகும். நம் பக்கத்துக்கு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபிறகு, மார்கழிக் கடைசியிலிருந்து தை மாதத்துக்குள் வெட்டுவது நல்லது. அப்போது வரும் துளிர்கள் கோடையில் பூக்கும்.

முழுச் செடியையும் ஒரே நாளில் மொட்டையடித்தாலும் அரளி தாங்கும். ஆனால், சில மாதங்களுக்குப் பூ இருக்காது. கோயிலுக்குப் பூ கொடுக்கும் உங்களுக்கு மூன்று வருடக் கவாத்துதான் பொருந்தும். தூரில் எத்தனை தண்டுகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றில் மிகப் பழைய, தடித்த தண்டுகளாகப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கை இந்த வருடம் தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் வெட்டுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வருடம் மீதி. மூன்றாம் வருடம் செடி முழுக்கப் புதிதாகிவிடும். இடையில் நீண்ட நாட்களுக்குப் பூ நிற்காது.

மீதமுள்ள கிளைகளில் நுனியை மட்டும் ஒரு அடி, இரண்டு அடி குறைத்தால் போதும். அரளியில் ஒரு கணுவுக்கு மூன்று இலைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால், அங்கிருந்து மூன்று துளிர்கள் வரை கிளம்பும். ஒரு கிளை மூன்றானால் பூங்கொத்தும் மூன்று. அதனால், வேலி வெட்டுவதுபோல அரிவாளால் மேலோட்டமாகச் சீவ வேண்டாம். விரல் பருமன் கிளைக்குக் கவாத்துக் கத்தரி, தடித்த தண்டுக்குக் கை ரம்பம். காய்ந்த கிளைகளையும், நீளமான காய்களையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

வெட்டியபிறகு தூரைச் சுற்றிக் கொத்தி, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு கூடை போட்டுத் தண்ணீர் விடுங்கள். யூரியா வேண்டாம், இலைதான் அடர்ந்து வரும். துளிரில் மஞ்சள் நிற அசுவினி கூட்டமாக ஒட்டினால், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

இனி ஆடு விஷயம்.

அரளியை ஆடு, மாடு கடிக்காது என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். நெடுஞ்சாலைகளின் நடுவில் வரிசையாக வைத்திருப்பதும், தோட்டத்து ஓரங்களில் நடுவதும் அந்த நம்பிக்கையில்தான். பச்சையாக நிற்கும் அரளி கடுங்கசப்பு என்பதால் கால்நடைகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஆனால், வெட்டிப்போட்ட கிளை வாடியதும் கசப்பு குறைகிறது, விஷம் குறைவதில்லை. சருகானாலும் அப்படியே இருக்கும். மற்ற தழையோடு கலந்து கிடந்தால் பசித்த ஆடு பிரித்துப் பார்க்காது. இந்த விஷம் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடியது. பத்து, இருபது இலைகள் ஒரு பெரிய மாட்டின் உயிரையே எடுத்துவிடலாம். ஆட்டுக்கு அதைவிடக் குறைவே போதும்.

ஆகவே, கவாத்து அன்று ஆடுகளைக் கட்டிப்போடுங்கள். தரையில் பழைய சாக்கையோ தார்ப்பாயையோ விரித்து, வெட்டுவதெல்லாம் அதில் விழும்படி செய்யுங்கள். அன்றைக்கே இரண்டு, மூன்று அடி ஆழக் குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். குப்பைக்குழியிலோ வேலியோரத்திலோ வீச வேண்டாம். மூடாக்காகவும் பரப்ப வேண்டாம். அடுப்பெரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். ஆடு, மாடு குடிக்கும் தொட்டியில் இலை விழுந்திருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவி நிரப்புங்கள். ஊறிய தண்ணீரும் விஷம்தான். வெட்டும்போது கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சாறு கண்ணில் படக்கூடாது. வேலை முடிந்ததும் கையையும் கத்தரியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அப்படியும் ஆடு தின்றுவிட்டால்? எச்சில் ஒழுகுதல், வயிற்று வலியில் துடித்தல், கழிச்சல், தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். எதுவும் தெரியாமலே திடீரென்று சாய்வதும் உண்டு. அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். ஆட்டை ஓட்டாமல், நடக்கவிடாமல் நிழலில் கட்டி, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ‘அரளி தின்றது’ என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒரு கிளையையும் காட்டுங்கள். எண்ணெய், மோர் என்று வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். மனிதர்கள் யாராவது வாயில் போட்டுவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

செடியை எடுக்க வேண்டுமா என்பதற்கு வருகிறேன். ஆடுகள் பட்டியில் இருந்து, செடியைச் சுற்றி வேலி கட்டவும் முடிந்தால், அரளி இருக்கட்டும். ஆடுகள் வாசலில் அவிழ்ந்து திரிகின்றன, சின்னக் குழந்தையும் இருக்கிறது என்றால் மாமியார் சொல்வதுதான் சரி. எடுத்துவிட்டுச் செம்பருத்தி வையுங்கள். பிள்ளையாருக்கு அந்தச் சிவப்புப் பூவும் உகந்ததுதான். அதை ஆடு கடித்தால் செடிதான் போகும், ஆடு போகாது.