அலையேற்றமும் கரைநிற்றலும்

ஐப்பசித் திங்கள் பிறந்தவுடன் கீழ்வானத்தை நோக்காதார் தமிழ்நாட்டில் இல்லை. ஏரி நிரம்புமோ என்று உழவன் நோக்குவான். வலையேற்றிச் செல்லலாமோ என்று மீனவன் நோக்குவான். எம் சிவகாசி வட்டாரத்தாரோ அம்மேகத்தை முழுமனத்தோடு வரவேற்கவும் மாட்டார். முழுமனத்தோடு வெறுக்கவும் மாட்டார். மழை அருகிய வெயில் நாடாதலாலேயே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் ஈண்டு வேரூன்றின. குடிக்கும் நீருக்கு மழை வேண்டும். காயும் மருந்துக்கு வெயில் வேண்டும். இவ்விரண்டிற்கும் நடுவே வாழ்ந்து பழகியவர் யாம். இத்தகைய வறண்ட நிலத்தினின்று வந்த மாணவராகிய யாம், புயற்பருவத்துக் கடலையும் அலைமேல் ஏறி விளையாடுங் கலையையும் குறித்து எழுதப் புகுவது கண்டு நண்பர் சிலர் நகைக்கக்கூடும். இறுதிவரை படித்தபின் நகைக்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கின்றோம்.

முதற்கண் அக்கலையின் பெயரையும் இயல்பையும் கூறுதல் முறையாம். நீண்ட பலகையொன்றின்மேற் குப்புறக் கிடந்து, கைகளால் நீரைத் தள்ளிச் சென்று, எழும் அலை பலகையைத் தூக்கும் நொடியில் எழுந்து நின்று, அதன் சரிவிலே கரைநோக்கி விரைவர். இதனைச் செய்தித்தாள்கள் ‘அலைச்சறுக்கு’ என்கின்றன. சறுக்குதல் என்பது தவறி வீழ்தற்கும் பெயராகலின், குதிரையேற்றம், மலையேற்றம் என்பனபோல ‘அலையேற்றம்’ என்றலே தகுதி என்பது எம் கருத்து. அப்பலகையில் பாயொன்றைப் பொருத்திக் காற்றால் ஓட்டுவது பாய்ப்பலகை. அதன் பாய்மரம் எத்திசையிலும் சாயவல்ல மூட்டினால் இணைக்கப்பட்டிருக்கும். சுக்கான் கிடையாது, பாயை முன்னும் பின்னும் சாய்த்தே திசைதிருப்புவர். பாய்ப்பலகை 1984ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக் பந்தயங்களில் இடம்பெற்று வருகின்றது. அலையேற்றம் 2021இல் நிகழ்ந்த டோக்கியோ பந்தயத்தில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டுத் திங்களில் ஆசியப் போட்டி நம் மாமல்லபுரத்திலேயே நடைபெற்றது. அதில் ரமேஷ் புதிஹால் என்னும் வீரர் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஆசிய அலையேற்றப் போட்டியில் இந்தியர் ஒருவர் தனித்துப் பெற்ற முதற்பதக்கம் அதுவேயாகும்.

‘இவையெல்லாம் கடற்கரையாருக்கு ஆகும், கண்மாயும் கிணறுமே கண்ட விருதுநகர் நாட்டாருக்கு இவற்றால் யாது பயன்?’ என்று வினவுவார் உளர். வினா நியாயமானதே. ஆயினும் எம் மாவட்டத்தின் ஆண்டுக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். தீபாவளியோடு பட்டாசு ஆலைகளின் பெருவேலை முடிகின்றது. பின்னர்ச் சில வாரங்கள் அவை மூடிக்கிடக்கும். கையிற் காசும் நாளில் ஓய்வும் எம்மூர் இளைஞருக்கு ஒருசேர வாய்ப்பது அப்போதுதான். கல்லூரி மாணவருக்கும் அதுவே விடுமுறைக் காலம். வண்டியமர்த்திக்கொண்டு திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் கன்னியாகுமரிக்கும் செல்வோர் பலர். தூத்துக்குடிக் கரை விருதுநகரினின்று ஏறக்குறைய 100 கிலோமீட்டரே. அஃதாவது, ஆண்டு முழுவதும் கடலைக் காணாதவர், வடகிழக்குப் பருவக்காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் திங்கள்களைத் தேர்ந்தெடுத்து, நீந்தவும் அறியாமல், அதனிடம் செல்கின்றனர். கடலருகே வாழ்வாரினும் கடலறிவு எம்மவர்க்கே மிகுதியும் வேண்டப்படுவது இதனாலன்றோ?

இது வீண் அச்சமன்று. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரத்தை அடுத்த கரையில், நண்பர் இல்லத் திருமணத்திற்கு வந்திருந்த மருத்துவ மாணவர் ஐவர் அலைவாய்ப்பட்டு மாண்டனர். உயிர்காக்குங் கல்வி பயின்றவர் அவர். தென்கடலிற் பேரலை எழும் என்று எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. ‘கள்ளக்கடல்’ என்று மீனவர் வழங்கும் அலை அது. இந்துமாக்கடலின் தென்கோடியிற் பெருங்காற்றால் எழுந்து, பல நாள் வழிநடந்து, காற்றும் மழையும் அற்ற தெளிந்த நாளிலே நம் கரையிற் புகுவது. கள்வனைப்போல் வருதலின் இப்பெயர் பெற்றது. 2012இல் யுனெஸ்கோ நிறுவனமும் இச்சொல்லை ஏற்றுக்கொண்டது. மீனவர் வாய்ச்சொல் உலக அறிஞர் ஏட்டில் ஏறியது. நம் மாணவர் செவியில் ஏறவில்லை என்பதே எம் வருத்தம்.

யாமும் அவ்வறியாமையினின்று நீங்கியவர் அல்லோம். சென்ற தீபாவளி விடுமுறையில் நண்பர் அறுவராக மணப்பாடு சென்றோம். 1542இல் இக்கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகையையும், குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலையும் கண்டு வணங்கியபின் கடலிற் குளிக்க இறங்கினோம். இருமருங்கும் அலைகள் உடைந்து நுரைக்க, நடுவே ஓரிடம் மட்டும் குளம்போல் அமைந்திருந்தது. அதுவே தக்க துறை என்று தேர்ந்தோம். கரையில் வலை செப்பனிட்டுக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எம்மைக் கைதட்டி அழைத்தார்.

‘தம்பிகளா, எந்த ஊர்?’

‘விருதுநகர்ப் பக்கம், அண்ணாச்சி.’

‘அப்படியென்றால் காலை நனைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். முழங்காலுக்குமேல் வேண்டாம்.’

‘அந்த இடம் அமைதியாகத்தானே இருக்கிறது, அண்ணாச்சி?’

‘அமைதியாக இருப்பதனால்தான் சொல்கிறேன். இரண்டு பக்கமும் அலை உடைகிறது. நடுவில் ஏன் உடையவில்லை? கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. உங்களையும் கூட்டிக்கொண்டு போகும்.’

யாம் வாயடைத்து நின்றோம். கடலுக்கு ஆழி, பரவை, பௌவம், முந்நீர், அளக்கர் எனப் பெயர்கள் பல அறிவோம். நெய்தல் திணைக்கு முதலும் கருவும் உரியும் பிறழாமற் சொல்வோம். ஆயினும் கண்முன் கிடந்த கடலின் ஒருவரியைப் படிக்க அறிந்திலோம். எழுத்தறியாத பெரியவர் அதனைப் படித்துக் காட்டினார். அந்நேரம் பலகைகளை அக்குளில் இடுக்கிய இளைஞர் இருவர் எமக்குச் சற்று அப்பால் நின்றிருந்தனர். அரைமணி நேரம் கடலையே நோக்கியிருந்து, தம்முள் இரண்டொரு சொற்பேசி, நீரைத் தொடாமலே திரும்பிச் சென்றனர். அலையேறவே வந்தவர் அலை மிகுந்த நாளில் ஏறாது செல்வானேன் என்று அன்று வியந்தோம். பின்னர் இக்கலையைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தபோதுதான், அவ்வாறு திரும்பிச் செல்லுதலும் அக்கலையின் ஒரு பகுதி என்பது விளங்கிற்று.

ஏறக் கற்பவன் முதலிற் கற்பது நோக்குதலை. அமைதிபோலத் தோன்றும் அந்த இழுவை நீரோட்டத்தை அவன் அறிவான். அதனையே வழியாகக்கொண்டு அலைகளுக்கு அப்பாற் செல்வான். தவறி அதில் அகப்பட்டார்க்கு உய்யும் வழி யாது? அதனை எதிர்த்துக் கரைநோக்கி நீந்துவோர் சோர்ந்து மூழ்குவர். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துவோர் அவ்வொடுங்கிய ஓட்டத்தினின்று நீங்குவர். இவ்வொரு வாக்கியம் எத்துணையோ உயிரைக் காக்கவல்லது. பாய்ப்பலகை பயில்வோன் காற்றின் கணக்கையும் கற்கின்றான். காற்றின் விரைவு இருமடங்கானால் அது பாயைத் தாக்கும் விசை நான்கு மடங்காகும். பதினைந்து நாட் விரைவில் இன்புற்று ஓட்டியவன் முப்பது நாட் விரைவில், ‘சிறிதே மிகுந்தது’ என்று இறங்கினால் கெடுவான். முப்பத்துநான்கு நாட், அஃதாவது மணிக்கு ஏறக்குறைய 62 கிலோமீட்டர் எட்டினால், இந்திய வானிலைத் துறையார் அதனைப் புயல் எனப் பெயரிடுவர். இடத்தின் கணக்கும் உண்டு. தனுஷ்கோடி நிலமுனையின் இருமருங்கும் உள்ள கடல்களை ஆண்கடல், பெண்கடல் என்பர் மீனவர். வாடை வீசுங்கால் வடகடல் சினக்கத் தென்கடல் தணிந்திருக்கும். காற்று மாறும் பருவத்தில் நிலையும் மாறும். ஒரே நாளில் ஒரு கரை ஆகாது, மறுகரை ஆகும் என்று தெரிந்தவனே விளையாடத் தகுதியுடையவன்.

இவ்வறிவு எமக்குப் புதிதன்று என்பதனையும் ஈண்டுக் கூறல் வேண்டும். எம் மாமா ஒருவர் பட்டாசு ஆலையொன்றிற் போர்மேனாக இருக்கின்றார். தொலைவில் இடி முழங்கிய அளவிலேயே வேலையை நிறுத்தி, அறைகளிலுள்ளாரை எல்லாம் வெளியேற்றுவார். கூலி குறையும் என்று முணுமுணுப்பார் உண்டு, அவர் பொருட்படுத்தார். அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும் என்பதறிந்து, மழைநாளில் இருமடங்கு விழிப்பாயிருப்பார். ஒருநாள் அவர், ‘மருந்தைக் கண்டு நடுங்குகிறவன் எனக்கு வேண்டாம், மருமகனே, பயமே இல்லாதவனும் வேண்டாம்’ என்றார். மணப்பாட்டுப் பெரியவரும் எம் மாமாவும் ஒருவரையொருவர் கண்டறியார். ஒருவர் நீரை ஆள்கின்றார்; மற்றவர் நெருப்பை ஆள்கின்றார். இருவர் கற்ற பாடமும் ஒன்றே. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி வெடிவிபத்திலே பலரை இழந்த மண்ணில் வாழும் எமக்கு, அறியாத துணிவின் விலை யாதென்று பிறர் சொல்லவேண்டியதில்லை.

அலையேற்றம் செல்வர் பொழுதுபோக்கு என்றும், மேனாட்டுக் கோலம் என்றும் இகழ்வாரும் உளர். சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தை அவர் நோக்குக. அங்குப் பிறந்த மூர்த்தி மேகவன் என்னும் மீனவரே அவ்வூரில் அலையேற்றப் பள்ளி தழைக்கக் காரணரானவர். மீனவச் சிறாரைப் பலகையேற்றிப் பழக்கிய அவர், குடியும் புகையும் தம் மாணவரை அண்டலாகாது என்னும் நெறியையும் உடன் வைத்தார். கட்டுமரமேறிய குலத்தார்க்குப் பலகை அந்நியமாகுமா? கட்டுமரம் என்னுஞ் சொல்லையே ஆங்கிலம் நம்மிடம் கடன்பெற்றது.

மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் சிந்திக்கத்தக்க செய்தி பிறிதொன்றும் உண்டு. அலையேற்றத்தின் தாயகமாகிய ஹவாய்த் தீவுகளுக்கு 1820இல் அமெரிக்க மிஷனரிமார் சென்றனர். 1834இல் மதுரை மிஷனைத் தொடங்கியதும் அவர்களை அனுப்பிய அதே சங்கமே. பள்ளியும் அச்சும் தந்த அப்பெரியோர், அலைவிளையாட்டை மட்டும் வீண்பொழுதென்று கருதினர். கொடுநோய்களால் மக்கள் தொகையும் குறைய, அக்கலை மங்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் தழைத்தது. அங்ஙனம் தழைப்பித்தவருள் தலையாயவர் டியூக் கஹனமொக்கு. 1912 ஒலிம்பிக் நீச்சலிற் பொற்பதக்கம் வென்றவர். 1925 ஜூனில் கலிபோர்னியாவின் நியூபோர்ட் கரையருகே தெல்மா என்னும் படகு பேரலையிற் கவிழ்ந்தபோது, அவர் தம் பலகையுடன் மும்முறை அலைக்குட் புகுந்து எண்மரைத் தாமே கரைசேர்த்தார். வீண் என்று தள்ளிய பலகை எட்டு உயிரைத் தாங்கிற்று. விளையாட்டை எடைபோடுமுன் அது கற்பிப்பது யாது என்று கேட்டல் நன்று.

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியபின்னும் கடலில் இறங்கித் தம் வீரத்தைப் படம்பிடிப்பார் சிலர் உண்டே எனின், உண்டு. அவர் செயலை யாம் சிறிதும் ஏலோம். ஒருவன் தன் செருக்கால் மூழ்கினால், அவனை மீட்கப் புகுவோன் உயிரும் பணயமாகின்றது. ஆயின் அத்தகையாரைக் காட்டிக் கடலையே மறுத்தல் முறையன்று. ‘கடலருகே செல்லற்க’ என்று விடுமுறைக்கு முன்னர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் எளிது. அதனைப் படித்தவர் செல்லாதிருந்தாரா? யாமும் படித்தோம், சென்றோம். தடை எம்மைக் காக்கவில்லை. அறிந்தவர் ஒருவர் கரையில் இருந்தமையே காத்தது. எல்லாக் கரையிலும் அவ்வாறு ஒருவர் இருப்பாரென்று நம்பியிருத்தல் தகுமா?

ஆதலின் நம் கல்லூரியாரிடம் யாம் பணிந்து வேண்டுவன மூன்று. முதலாவது, நீச்சல், முதலாண்டு மாணவர் மாணவியர் அனைவரும் கல்லூரியை விட்டு நீங்குமுன் மிதக்கவேனும் கற்றிருத்தல் வேண்டும். வறண்ட நாட்டிற் கடலைவிடக் கிணறும் கண்மாயும் கல்வெட்டுக் குழியும் கொள்ளும் உயிரும் குறைவன்று. இரண்டாவது, ஐப்பசி விடுமுறைக்கு முன் ஒருநாள், கரையூர் மீனவர் ஒருவரையும் அலையேற்றம் பயின்றார் ஒருவரையும் அழைத்து, இழுவை ஓட்டமும் காற்றும் எச்சரிக்கைக் குறிகளும் இன்னவென்று கேட்பித்தல் வேண்டும். மூன்றாவது, கல்லூரிச் சுற்றுலாக் குழு எதுவும் அவ்வூர்க் கடலறிந்தாரைக் கேளாமல் நீரில் இறங்கலாகாது என்பதனை வழக்கமாக்குதல் வேண்டும். இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று.

சாத்தூர்ப் பாலத்தின்கீழே பெரும்பாலும் மணலாய்க் கிடக்கும் வைப்பாறு, மழைநாளில் நீர்சுமந்து மன்னார் வளைகுடாவையே அடைகின்றது. எம் நிலத்திற்கும் கடலுக்கும் வழி ஏற்கெனவே உண்டு. அவ்வழியே எம் இளைஞர் செல்லுதலை யாரும் தடுத்துவிட இயலாது. கற்று அனுப்புதலே செயற்பாலது. வரும் ஐப்பசியில் மணப்பாடு செல்லும் நண்பர், இறங்குமுன் அரைமணி நேரம் கரையில் நின்று கடலை நோக்குக. அருகிலிருக்கும் அண்ணாச்சி ஒருவரைக் கேட்க. அவர் ‘ஆகாது’ என்றால், அன்று திரும்பி நடத்தலே வீரம் என்று கொள்க.