'வயசாயிடுச்சு... அப்படித்தான் இருப்பார்!' - தாத்தாவின் மௌனத்தை அப்படியே விட்டுடாதீங்க!

சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு தாத்தா. ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலையில் வாக்கிங், பேப்பர், டீக்கடையில் அரசியல் என்று சுற்றிக்கொண்டிருந்தவர், பாட்டி இறந்த சில மாதங்களில் வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியோடு முடங்கிவிட்டார். 'சாப்பிட்டீங்களா தாத்தா?' என்றால், 'தெரியலப்பா' என்பார். லீவுக்கு வந்த பேரனின் பெயரையே கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். அந்தப் பேரன் பெங்களூரில் ஐ.டி வேலையில் இருக்கிறான், என் நண்பன். அன்று இரவே போன் செய்தான். "மச்சி, தாத்தாவோட அம்மாவுக்கும் கடைசி காலத்துல மறதி இருந்துச்சாம். இப்போ தாத்தா. அடுத்து அப்பா, அப்புறம் நானா? இன்ஸ்டாவுல ஜீன் டெஸ்ட் விளம்பரம் வருதே, எடுத்துடவா?"

இந்த பயம் அவனுக்கு மட்டும் இல்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் மட்டும் இங்கே. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவிகிதம் இருப்பார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். நாடு முழுக்க நடந்த 'லாசி-டாட்' ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறது.

சரி, டிப்ரெஷனுக்கும் டிமென்ஷியாவுக்கும் என்ன தொடர்பு? டென்மார்க்கில் 14 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. டிப்ரெஷன் என்று கண்டறியப்பட்டவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. லண்டன் அரசு ஊழியர்கள் சுமார் 10,000 பேரை 28 வருடங்கள் கவனித்த இன்னொரு ஆய்வு, 2017-ல் வேறு மாதிரி சொன்னது. நடு வயதில் இருந்த மனச்சோர்வுக்கும் டிமென்ஷியாவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால், டிமென்ஷியா கண்டறியப்படுவதற்கு முந்தைய பத்து வருடங்களில் மனச்சோர்வு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அப்படியென்றால், டிப்ரெஷன்தான் மறதி நோயைக் கொண்டுவருகிறதா, இல்லை மூளைக்குள் ஆரம்பித்துவிட்ட நோயின் முதல் அறிகுறியே டிப்ரெஷனா? சிலருக்கு அது, சிலருக்கு இது என்பதுதான் இப்போதைக்கு நியாயமான பதில். அதனால்தான் வயதான காலத்தில் முதல்முறையாக வரும் டிப்ரெஷனை டாக்டர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது ஜீன் விஷயம். அதிகம் பேசப்படுவது ஏபிஓஇ என்ற மரபணு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என எல்லோருக்கும் இரண்டு பிரதிகள். அதில் '4' என்ற வகை ஒன்று இருந்தால் அல்சைமர் அபாயம் சுமார் மூன்று மடங்கு. இரண்டுமே அதுவாக இருந்தால் எட்டு மடங்குக்கு மேல். 'தோர்' நடிகர் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த், தனக்கு இரண்டும் இருப்பதாக 2022-ல் சொன்னாரே, அதேதான். ஆனால், இந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டது. ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய - அமெரிக்க ஆய்வில், இந்த வகை மரபணு அமெரிக்காவின் பென்சில்வேனியாவைவிட நம்மவர்களிடம் குறைவாகவே இருந்தது. தவிர, இது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு. இல்லாமலே வந்தவர்களும் உண்டு. பிரிட்டனில் சுமார் 2 லட்சம் பேரை வைத்து நடந்த 2019 ஆய்வில், மரபணு அபாயம் அதிகம் உள்ளவர்களிலேயே புகை, உணவு, உடற்பயிற்சி, மது ஆகியவற்றில் சரியாக இருந்தவர்களுக்கு அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

டிப்ரெஷனுக்கான மரபணு அமைப்பே அல்சைமர் அபாயத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்று 2022-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதற்கு முந்தைய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. ஆக, விளம்பரத்தில் வரும் எச்சில் டெஸ்ட் உங்கள் தாத்தா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று சொல்லப்போவதில்லை. என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு அவருக்குக் காது டெஸ்ட் எடுக்கலாம். காமெடி இல்லைங்க! 'லான்செட்' கமிஷன் 2024-ல் வெளியிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளில் காது கேளாமையும் இருக்கிறது, டிப்ரெஷனும் இருக்கிறது. (குடும்பத்தில் பலருக்கு 40, 50 வயதிலேயே மறதி நோய் வந்திருந்தால் அது வேறு கதை. மிக அரிது. அங்கே மரபணு ஆலோசகரைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.)

பெரியவர்களின் டிப்ரெஷன் நம்முடையது மாதிரி இருக்காது. 'சோகமா இருக்கு' என்று சொல்ல மாட்டார்கள். 'உடம்பெல்லாம் வலிக்குது', 'பசிக்கல', 'மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது' என்பார்கள். மறதியும் கூடவே வரும். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். டிப்ரெஷனில் இருப்பவர் பெரும்பாலும் 'தெரியல, எனக்கு மூளையே வேலை செய்யல' என்று தானே புலம்புவார். சில வாரங்களிலேயே மாற்றம் தெரியும். டிமென்ஷியாவில் மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கும். மறந்ததை மறைத்துத் தப்பாக ஏதாவது பதில் சொல்வார்கள், கவலைப்படுவது வீட்டில் இருப்பவர்கள்தான். இரண்டும் சேர்ந்தும் வரும் என்பதால், கூகுள் பார்த்து நாமே முடிவு கட்டுவது வேலைக்கு ஆகாது.

எங்கள் தெரு தாத்தாவை ஒருவழியாக டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். டிப்ரெஷன், கூடவே பி12 குறைவு. சுகருக்கு மெட்பார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். இரண்டுமே சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியும். இன்னொன்று, பழைய சீட்டைக் காட்டி அவராகவே மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த தூக்க மாத்திரை. அதுவும் மறதியைக் கூட்டும். ஆனால், திடீரென நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொன்னபடி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

எங்கே போவது? கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில், 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தாம்பரத்திலிருந்து லோக்கல் ட்ரெயினில் நேராகக் கிண்டியில் இறங்கலாம். பீக் ஹவரில் மட்டும் அவரை ஏற்றிவிடாதீர்கள். ஊருக்கு வெளியே இருக்கிறீர்களா? அரசின் மனநல உதவி எண் 14416, முதியோர் உதவி எண் 14567. டாக்டரிடம் போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப்போங்கள்.

தாத்தா இப்போது டீக்கடை வரை போய் வருகிறார். முழுசாகப் பழைய ஆள் ஆகிவிட்டார் என்று சொல்ல முடியாது. மனசு தேறினாலும் மறதி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, ஆறு மாதம் கழித்து மறுபடி நினைவாற்றல் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பேரன் அதற்கு இப்போதே லீவு போட்டுவிட்டான்.