தவறிய பணமும் தவறிய நாணயமும்

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட யூகோ வங்கியில், 2023 நவம்பரில் ஐ.எம்.பி.எஸ். கோளாறால் சுமார் ரூ. 820 கோடி வாடிக்கையாளர் கணக்குகளில் தவறாக வரவு வைக்கப்பட்டது. கணக்குகளை முடக்கி, சில நாள்களிலேயே ரூ. 649 கோடியை வங்கி மீட்டது. சிபிஐ விசாரணையும் தொடங்கியது.

கிரிப்டோ நாணயத்தைத் தவறான முகவரிக்கு அனுப்பியவருக்கு இந்த வசதி இல்லை. அந்த முகவரியில் பெயர் இருக்காது. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவைதான். பரிமாற்றம் உறுதியாகிவிட்டால் அதைத் திரும்பப் பெற உத்தரவிட மேலதிகாரி யாருமில்லை. பெற்றவர் மனம் வைத்தால்தான் உண்டு. முகவரி ஏதேனும் கிரிப்டோ சந்தை நிறுவனத்துக்கு உரியதாக இருந்தால் முறையிடவாவது ஓர் இடம் கிடைக்கும். அதுவும் அந்நிறுவனத்தின் தயவுதான்.

2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி விதித்துவரும் மத்திய அரசு, அந்தத் தயவையாவது சட்டக் கடமையாக மாற்ற வேண்டும்.